டெவலப்பர்னா நான் இல்லீங்க

எங்க ஆபீஸ்ல டெவலப்பர்னா என்னை மாதிரி நாலு பேர். ஜீயபுரத்துல எங்க மாமா கிளினிக்ல டெவலப்பர்னா மூடி போட்ட ஒரு ப்ளாஸ்டிக் டப்பா. பக்கத்துல தண்ணி டப்பா, அதுக்கு அடுத்து ஃபிக்ஸர் டப்பா. மாமா பல் டாக்டர். மாடிப்படிக்குக் கீழே சாமான் போட்டு வெச்சிருந்த இடத்தை அடைச்சு, கதவு இடுக்குல கறுப்புத் துணி ஒட்டி, இருட்டறையா ஆக்கியிருந்தார். சென்சார் வந்த பிறகு அந்த ரூமுக்கு வேலை இல்லை. போன மே மாசம் சென்சார் வயர் மக்கர் பண்ணவும், ஒரு வாரம் மறுபடி ஃபிலிம். நான் லீவுல அங்கதான் இருந்தேன். விடுவேனா, கூடவே உள்ள போயிட்டேன் :)

ஃபிலிம் தீப்பெட்டியை விடச் சின்னது, 31க்கு 41 மில்லிமீட்டர். வெள்ளை உறை, அதுக்குள்ள கறுப்புக் காகிதம், முதுகுப் பக்கம் ஒரு ஈயத் தகடு. திருப்பி வெச்சு எடுத்துட்டா தகட்டுல இருக்கற வரி, பல்லு மேல டயர் தடம் மாதிரி விழுமாம். 1896 ஜனவரியில ஜெர்மனியில ஓட்டோ வால்காஃப்னு ஒரு பல் டாக்டர், கண்ணாடித் தகட்டைக் கறுப்புத் தாள்ல சுத்தித் தன் வாயிலயே வெச்சு 25 நிமிஷம் கதிர் வாங்கியிருக்கார். இப்ப ஒரு செகண்டுகூட ஆகறதில்லை.

கதவைச் சாத்தினா நாலடி தள்ளி ஒரு 15 வாட் சிவப்பு பல்பு மட்டும். உறையைப் பிரிச்சு, ஃபிலிமோட ஓரத்தை மட்டும் பிடிச்சு, க்ளிப்ல மாட்டி டெவலப்பர்ல முக்கணும். கதிர் பட்ட இடத்துல இருக்கற உப்பை அது கறுப்பு வெள்ளியா மாத்தும். தண்ணியில அலசி, ஃபிக்ஸர்ல போட்டா மாறாத உப்பெல்லாம் கரைஞ்சு போகும். மறுபடி நல்லா கழுவிக் காய வைக்கணும். அவ்ளோதான்.

அவ்ளோதானான்னா இல்லை. டெவலப்பர் 20 டிகிரியில இருந்தா அஞ்சு நிமிஷம். 24ன்னா மூணு. 27க்குப் போனா ரெண்டரை. திருச்சியில மே மாசம் மேல் தொட்டித் தண்ணி எத்தனை டிகிரின்னு குழாயில கை வெச்சவங்களுக்குத் தெரியும்! எக்ஸ்ரே ஃபிலிம் தயாரிச்ச ஹிந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸை 1960ல ஊட்டியில ஆரம்பிச்சாங்க. குளிர்ல செஞ்ச சரக்கைக் கழுவினதெல்லாம் நம்ம மாதிரி வெயில் ஊர்ல.

இப்ப எனக்கு உறுத்தற விஷயம். சில வருஷம் முன்னாடி டவுன்ல ஒரு இடத்துல (பேர் வேண்டாம்) எங்கம்மாவுக்கு ஒரே பல்லுக்கு மூணு ஃபிலிம் எடுத்தாங்க. முதல் ரெண்டும் கறுப்பு. "நீங்க ஆடிட்டீங்கம்மா"ன்னு சொன்னாங்களாம். அம்மாவும் ரொம்ப நாளா "நான்தான் ஆடிட்டேன்"னு சொல்லிக்கிட்டு இருந்தாங்க. மூணு ஃபிலிமும் பீரோவுல இருந்தது. மாமா அதைப் பலமான வெளிச்சத்துல தூக்கிப் பார்த்தார்.

"அக்கா ஆடவே இல்லடா. ஆடினா விளிம்பு கலங்கும், கறுக்காது. இதுல விளிம்பு கூர்மையா இருக்கு பாரு. டெவலப்பர் சூடு, இல்லாட்டி கதிரைக் கூட்டி வெச்சிருக்காங்க, அதுவும் இல்லாட்டி ரூம்ல வெளிச்சம் கசியுது."

கதிரை எதுக்குக் கூட்டணும்னு கேட்டேன். பழைய டெவலப்பருக்கு வீரியம் குறைஞ்சிடும், படம் வெளிறும். புதுசு கலக்கச் சோம்பல் பட்டா, மெஷின்ல நேரத்தை ஏத்திடுவாங்க. அப்புறம் கடிகாரம் பார்க்காம, சிவப்பு வெளிச்சத்துல கண்ணால பார்த்து "போதும்"னு தோணும்போது ஃபிலிமை வெளியே இழுக்கறது. படம் ஏதோ தேறிடும். நம்ம ஃபீல்டுல கோடு மோசமா இருந்தா சர்வருக்கு ரேம் ஏத்துவோமே, அதே புத்திதான். என்ன, ரேமுக்குக் கம்பெனி காசு கொடுக்கும். இதுக்குக் கொடுக்கறது நாற்காலியில வாயைத் திறந்துக்கிட்டு உட்கார்ந்திருக்கறவங்க. ஒரு பல் எக்ஸ்ரே கதிர் ரொம்பக் கம்மி, பயப்பட ஒண்ணும் இல்லை. ஆனா ஒண்ணுல முடியறதுக்கு மூணு எதுக்கு?

மாமா ரூம்ல தெர்மாமீட்டரும் அலாரமும் உண்டு. டப்பா மூணையும் ஒரு அகல டப்புல தண்ணி ஊத்தி உள்ள வெச்சு, ஐஸ் போட்டு 24க்குக் கொண்டு வந்துட்டுத்தான் முதல் பேஷண்டைக் கூப்பிடுவார். சிவப்பு பல்புக்கும் ஒரு பரீட்சை: பிரிச்ச ஃபிலிம் மேல ஒரு ரூபாய்க் காசை வெச்சு, ரெண்டு மூணு நிமிஷம் விட்டுட்டுக் கழுவினா காசோட வட்டம் தெரியக் கூடாது. தெரிஞ்சா அந்த வெளிச்சம் நம்பத்தக்கது இல்லை.

லைட் பாக்ஸ் ஓரத்துல ஒரு பழைய ஃபிலிம் டேப் போட்டு ஒட்டியிருந்தது. மருந்து புதுசா கலக்கின அன்னிக்கு எடுத்த நல்ல படமாம். தினம் காலையில முதல் ஃபிலிமை அதுக்குப் பக்கத்துல வெச்சுப் பார்ப்பார். வெளிறியிருந்தா மெஷினைத் தொடவே மாட்டார், டெவலப்பரைத்தான் மாத்துவார். அந்த வாரம் வியாழக்கிழமை ஒரு தடவை மாத்தினார்.