பட்டாணியளவு

நாற்பதைத் தாண்டிய ஆண்பிள்ளை முகத்துக்கு மருந்து தேடுகிறான் என்றால் யாருக்கும் சிரிப்பு வரும். நானும் சிரித்தவன்தான். ஆனால் இருபது வருஷம் மதுரை வெயிலில் ஆல்பர்ட் விக்டர் பாலத்தைக் கடந்து போய் வந்த என் முகத்தை, புத்தக அட்டைக்காக ஒரு நாள் படம் பிடித்தார்கள். கன்னத்தில் கருந்திட்டுகள், கண்ணோரத்தில் வாய்க்கால் வெட்டினாற்போல் கோடுகள். பதிப்பாளர், "பழைய படமே இருக்கட்டுமே" என்றார்.

கோரிப்பாளையத்தில், தர்காவுக்குச் சற்றுத் தள்ளி இருக்கும் தோல் டாக்டரம்மாளிடம் போனேன். ட்ரெட்டினாயின் களிம்பு எழுதிக் கொடுத்தார். "ராத்திரி பட்டாணியளவு. முகம் முழுக்கவும் அவ்வளவுதான். பகல்ல வெயிலுக்கான களிம்பு. முதல் மாசம் தோல் உரியும், என்னைத் திட்டுவீங்க. அஞ்சாறு மாசம் பொறுங்க, சார்."

அது வைட்டமின் ஏ வழிவந்த அமிலம். பென்சில்வேனியாப் பல்கலைக்கழகத்து ஆல்பர்ட் க்ளிக்மன் முதலில் முகப்பருவுக்குக் கையாண்ட மருந்து. வெயில் கெடுத்த தோலையும் அது சீராக்குகிறது என்று 1986-ல் எழுதினார். 1988-ல் மிச்சிகனில் 30 பேருக்கு 16 வாரம் சோதித்தார்கள். பலன் தெரிந்தது, ஏறக்குறைய எல்லாருக்கும் தோல் சிவந்து எரியவும் செய்தது. வெயில் அழித்த கொலாஜன் என்னும் நாரை அது மெல்ல மெல்ல மீண்டும் உண்டாக்குகிறது. இதே க்ளிக்மன் ஹோம்ஸ்பர்க் சிறைக் கைதிகளின் தோலில் பல வருஷம் சோதனை நடத்தியவர் என்று படித்த அன்று, ட்யூபைப் பிதுக்கிய என் கை சற்றுத் தயங்கத்தான் செய்தது.

எனக்கும் உரிந்தது. "பாம்பு சட்டையை உரிக்குது" என்றாள் மனைவி. ஐந்தாம் மாதம் திட்டுகள் மங்கின.

அப்போதுதான் மேலூரிலிருந்து அக்கா வந்தாள். வயல் வெயிலில் கிடந்தவள். இரு கன்னத்திலும் மங்கு. "தம்பி, உன் மூஞ்சி பளிச்சுன்னு இருக்கேடா. எனக்கும் அதை வாங்கிக் குடு" என்றாள். டாக்டரிடம் அழைத்துப் போயிருக்க வேண்டும். இரண்டு மணி நேரம் காத்திருக்கச் சோம்பல். ஃபீஸை நினைத்துக் கொஞ்சம் கருமித்தனமும் உண்டு. ஒரு மருந்துக் கடையில் பெயரைச் சொன்னேன். "அதைவிட இது நல்லாக் கேட்கும் சார், மூணு மருந்து சேர்ந்தது" என்றான் பையன். அவன் சீட்டுக் கேட்கவில்லை, நானும் காட்டவில்லை.

பதினைந்தே நாளில் மங்கு மறைந்தது. தெருப் பெண்களெல்லாம் விசாரித்தார்களாம். எனக்குப் பொறாமையாகக்கூட இருந்தது. எட்டு மாதம் விடாமல் பூசினாள். ட்யூப் தீர்ந்து ஒரு வாரம் நிறுத்தினதும், மிளகாய் அரைத்துப் பூசினாற்போல் முகம் எரிந்தது. கன்னத்தில் மெல்லிய ரத்தக் கோடுகள்.

டாக்டரம்மாள் ட்யூபைத் திருப்பிப் பார்த்தார். ட்ரெட்டினாயின் இருந்தது, நிறத்தை வெளுக்கும் ஹைட்ரோக்வினோன் இருந்தது, மூன்றாவது ஸ்டீராய்டு. மற்ற இரண்டின் எரிச்சலை அது அமுக்கி வைக்கும். அதனால்தான் அக்காவுக்கு உரியவும் இல்லை, எரியவும் இல்லை. மங்குக்கு டாக்டர் பார்வையில் சில வாரம் போடலாம். மாதக்கணக்கில் போட்டால் தோல் மெலிந்து, மருந்தை விட்டால் தாங்காது. 'ஸ்டீராய்டு கெடுத்த முகம்' என்று இதற்கு நம் நாட்டு டாக்டர்கள் பெயரே வைத்திருக்கிறார்கள். இவ்வகைக் களிம்புகளைச் சீட்டில்லாமல் விற்கலாகாதென்று 2018-ல் மத்திய அரசு உத்தரவும் போட்டது.

"யார் வாங்கிக் குடுத்தது?" என்றார்.

நான் வாயைத் திறப்பதற்குள், "நானாத்தான் வாங்குனேம்மா" என்றாள் அக்கா. நான் வாயை மூடிக்கொண்டேன். இன்று வரை அதைத் திருத்தவில்லை.

சிவப்புத் தணிய ஏழு மாதமாயிற்று. கோடுகள் போகவில்லை. மாதம் ஒருமுறை டாக்டரைப் பார்த்துவிட்டு மாட்டுத்தாவணியில் மேலூர் பஸ் ஏறுவாள். போன தடவை ஜன்னலோரம் உட்கார்ந்து, முந்தானையை இழுத்துக் கன்னத்தை மறைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள்.

"உன்னோடது தீர்ந்துருச்சா?"

"இருக்கு அக்கா."

"விடாமப் போடு தம்பி. உனக்கு நல்லா இருக்கு."