முத்திரைக்கு முன்

பொள்ளாச்சிப் பக்கம் சான்றிதழ் கைக்கு வந்ததும் லேமினேஷன் போட்டுவிடுவார்கள். கரையான் அரிக்கக் கூடாது, மழையில் நனையக் கூடாது என்ற அக்கறை. பிள்ளை வெளிநாடு கிளம்பும்போது அந்த அக்கறையே குறுக்கே நிற்கும். அட்டெஸ்டேஷன் முத்திரையும் அப்போஸ்டில் ஸ்டிக்கரும் தாளின் முதுகில் விழ வேண்டும்; பிளாஸ்டிக் மேல் பதித்தால் செல்லாது.

முத்திரை வாங்கித் தருவது என் தொழில். லேமினேஷன் போட்ட தாள் வந்தால், மூலையில் ஹேர் டிரையரை லேசாகக் காட்டி, நகத்தால் நுனியைத் தூக்கி, நூல் நூலாக உரிப்பேன். மையும் சேர்ந்து வருகிறது என்று தெரிந்தால் அங்கேயே கை நின்றுவிடும். "பாரதியார் யுனிவர்சிட்டியில டூப்ளிகேட் வாங்கிக்கலாமுங்க, இதை இப்படியே வெச்சுக்குங்க" என்று திருப்பிக் கொடுத்துவிடுவேன். இன்னொருவர் உழைத்து வாங்கிய பட்டத்தில் என் அவசரத்துக்கு இடமில்லை.

போகும் வழி எல்லோருக்கும் தெரிந்ததுதான். பட்டம் என்றால் நோட்டரி, மாநில அரசு, வெளியுறவு அமைச்சகம். தேங்காய்நார் ஏற்றுமதிக் காகிதம் என்றால் நடுவில் வர்த்தக சபை. அப்போஸ்டிலுக்கான 1961ஆம் ஆண்டின் ஹேக் ஒப்பந்தம் நம் நாட்டில் 2005 ஜூலை 14 முதல் நடப்பில் இருக்கிறது. சவுதி 2022 டிசம்பரிலும், கனடா 2024 ஜனவரியிலும் அதற்குள் வந்த பிறகு தூதரக அலைச்சல் பெருமளவு குறைந்தது. துபாய்க்குப் போகும் தாள் இன்னும் தூதரகப் படி ஏறுகிறது.

அப்போஸ்டிலில் பத்து வரிகள் உண்டு. கையெழுத்துப் போட்டவர் யார், எந்தப் பதவியில் போட்டார், முத்திரை யாருடையது என்பதைத்தான் அது உறுதி சொல்லும். தாளில் எழுதியிருப்பது சரியா என்று ஒரு வரிகூடச் சொல்லாது. தொழிலுக்கு வந்த புதிதில் இதன் கனம் எனக்கு உறைக்கவில்லை. ஆனைமலைப் பக்கத்து விவசாயி ஒருவர் மகனின் பிறப்புச் சான்றிதழைக் கொடுத்தார். முறைப்படி எல்லா முத்திரையும் வாங்கிக் கொடுத்தேன். விசா விண்ணப்பம் திரும்பி வந்தது. தகப்பனார் பெயரில், பாஸ்போர்ட்டில் இல்லாத ஓர் 'எச்' அதில் இருந்தது.

"ஏனுங்க, இத்தனை சீல் குத்துனாங்களே, ஒருத்தர்கூடப் படிக்கலீங்களா?" என்று கேட்டார்.

குத்துகிறவர்களுக்கு அது வேலையில்லை. படித்திருக்க வேண்டியவன் நான்.

அதற்குப் பிறகு பாஸ்போர்ட், பிறப்புச் சான்றிதழ், மார்க் ஷீட் மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் விரித்து, எழுத்து எழுத்தாக வாய்விட்டு வாசிக்கிறேன். மார்க் ஷீட்டில் ஒற்றை இனிஷியலாக இருப்பது பாஸ்போர்ட்டில் அப்பாவின் முழுப் பெயராக விரிந்திருக்கும். பழைய பிறப்புச் சான்றிதழில் குழந்தையின் பெயரே இருக்காது. ஆணா பெண்ணா என்பதும் பெற்றோர் பெயரும்தான். முதலில் அதில் பெயரைப் பதிய வேண்டும்.

வாசிக்கும்போது வீட்டாரையும் உட்காரச் சொல்வேன். போன மாதம் ஓர் அம்மா, ஆங்கிலம் வாசிக்கத் தெரியாதவர், மார்க் ஷீட்டில் நான் மே மாதத் தேதியைச் சொன்னதும் நிமிர்ந்தார்.

"அவ பொறந்தது மார்கழிங்க. இது பள்ளிக்கூடத்துல சேர்க்கறப்ப வாத்தியார் போட்ட தேதிங்க."

பிறப்புச் சான்றிதழை எடுத்துப் பார்த்தேன். டிசம்பர். அன்றைக்குக் கூரியர் பை போகவில்லை.