இருபத்தாறு பேரும் குற்றவாளிகள் என்று நம்பினேன்

1998 ஜனவரி 28 அன்று ராஜீவ் காந்தி கொலை வழக்கில் 26 பேருக்கும் தூக்கு என்று பூந்தமல்லி தடா நீதிமன்றம் தீர்ப்பளித்தது. நான் மகிழ்ந்தேன். ஸ்ரீபெரும்புதூர்க்காரன் நான். 1991 மே 21 இரவு ராஜீவ் காந்தியோடு காவலர்களும் பொதுமக்களும் சிதறிக் கிடந்தது எங்கள் ஊர் மண்ணில்தான். வெளியூரில் ஊர்ப் பெயரைச் சொன்னால், "குண்டு வெடிச்ச ஊரா?" என்பார்கள். அந்தப் பழி தீர வேண்டும் என்று தவித்தேன். யார், எந்தச் சாட்சியத்தின் பேரில் என்று நான் கேட்கவேயில்லை.

1999 மே 11 அன்று உச்ச நீதிமன்றம் அவர்களில் 19 பேரைக் கொலைச் சதிக் குற்றத்திலிருந்து விடுவித்தது. நால்வருக்குத் தூக்கு, மூவருக்கு ஆயுள். ஆண்டுக்கணக்கில் சிறையில் கிடந்த 19 பேரைத் தூக்கில் போட இருந்தோமே என்று நான் பதறியிருக்க வேண்டும். ஆனால் "தப்பிச்சுட்டானுங்க" என்றேன். அதற்குள் பக்கத்து இருங்காட்டுக்கோட்டையில் கார் ஆலை வந்திருந்தது. நில விலை, வேலை என்று ஊரின் பேச்சே மாற, நானும் வழக்கை மறந்தேன்.

நான் கேட்காமல் விட்ட அந்தச் சாட்சியம் பெரும்பாலும் வாக்குமூலங்களே. போலீசிடம் கொடுத்த ஒப்புதல் வாக்குமூலம் நீதிமன்றத்தில் செல்லாது என்பதே நம் பொதுச் சட்டம். பயங்கரவாதத் தடுப்புச் சட்டமான தடாவின் 15ஆம் பிரிவு, எஸ்.பி. ஒருவர் பதிவு செய்தால் போதும் என்று அதை மாற்றியது. இந்த வழக்குக்குத் தடா பொருந்தாது என்ற உச்ச நீதிமன்றம், அதன்கீழ் பெற்ற வாக்குமூலங்களை மட்டும் ஏற்றுக்கொண்டது. தூக்கு விதிக்கப்பட்ட நால்வரில் ஒருவரான, 19 வயதில் கைதான பேரறிவாளன், குண்டில் பயன்பட்டதாகச் சொல்லப்பட்ட இரண்டு பேட்டரியை வாங்கிக் கொடுத்தார் என்பது அவற்றில் ஒன்று. எதற்காக என்று தெரியாது என அவர் சொன்னதாகவும், அதைத் தாம் எழுதவில்லை என்றும் வாக்குமூலத்தைப் பதிவு செய்த சிபிஐ அதிகாரி தியாகராஜன் 2013இல் வெளிப்படையாகச் சொன்னார்.

அதன் பிறகும் நான் வாய் திறக்கவில்லை. பேரறிவாளனின் தாய் அற்புதம்மாள் மகனுக்காக ஊர் ஊராக அலைந்தபோது, கையெழுத்து கேட்டு வந்த தோழரை "எனக்கெதுக்கு வம்பு" என்று திருப்பி அனுப்பினேன். 2022 மே 18 அன்று பேரறிவாளனை உச்ச நீதிமன்றம் விடுவித்தபோது, அவர் கைதாகி 30 ஆண்டுகள் கடந்திருந்தன.

செத்தவர்களுக்கு நீதி வேண்டும் என்று நினைத்தது தவறில்லை. யார் தலை உருண்டாலும் அது நீதிதான் என்று எண்ணினேனே, அது என் குற்றம்.

இன்று பக்கத்து ஒரகடத்துத் தொழிற்சாலைகளில் வேலைநிறுத்தம் செய்யும் பிள்ளைகளைப் போலீஸ் வேனில் ஏற்றும்போது, "ஏதாவது செஞ்சிருப்பானுங்க" என்று டீக்கடையில் சொல்கிறார்கள். நானும் அப்படித்தான் சொன்னேன். தடா 1995இல் காலாவதியானது. ஆனால் போலீசிடம் கொடுத்த வாக்குமூலத்தை ஏற்கும் பிரிவு மகாராஷ்டிரத்தின் மோக்கா சட்டத்தில் இன்றும் உண்டு. ஒருவரைக் குற்றவாளி என்று சொல்லுமுன், வாக்குமூலம் தவிர வேறென்ன சாட்சியம் என்று கேளுங்கள்.