பாலராமபுரத்தின் நான்கு தெருக்கள்

"இது ஒரிஜினல் கேரளா முண்டு. தமிழ்நாட்டுச் சரக்கு இல்லை." ஓணத்துக்கு முந்தைய வாரம் திருவனந்தபுரத்தில் ஒரு கடைக்காரர் என்னிடம் இப்படிச் சொன்னார். எல்லையைத் தாண்டி வரும் விசைத்தறித் துணியைக் கைத்தறி என்று நம்பி வாங்கிவிடக் கூடாது என்ற எச்சரிக்கை அது. நியாயமான எச்சரிக்கை. இருந்தும் அந்தச் சொல் எனக்குள் உறுத்தியது.

காரணம் என் ஆச்சி. வள்ளியூர்ப் பக்கம், நெசவாளர்களான சாலியர் வீட்டில் பிறந்தவர். தார் சுற்றிக்கொண்டே, "நம்ம ஆளுகளத்தான் ராசா நெய்யக் கூட்டிட்டுப் போனாரு, மேக்கே போனவங்க திரும்பி வரவேயில்ல" என்பார். எந்த ராசா, யார் போனார்கள், ஏன் திரும்பவில்லை என்று கேட்கும் வயது எனக்கு வந்தபோது ஆச்சி இல்லை. ஓணம் வந்தால் கேரளம் முழுக்க உடுத்தும் அந்த வெள்ளைத் துணியில், மேற்கே போன அந்த ஆட்களின் கை இருக்கிறதா என்று தெரிந்துகொள்ளாமல் எனக்குத் தீராது என்று ஆகிவிட்டது.

அந்தத் துணியை நெய்யும் ஊர்களில் ஒன்று, திருவனந்தபுரத்துக்குப் பக்கத்திலுள்ள பாலராமபுரம். அங்கே யாரைக் கேட்டாலும் ஒரு கதை தயாராக இருக்கிறது. 1798 முதல் 1810 வரை திருவிதாங்கூரை ஆண்ட அவிட்டம் திருநாள் பாலராமவர்மா, அரண்மனைக்குத் துணி நெய்ய நாகர்கோவில், வள்ளியூர்ப் பகுதிகளிலிருந்து ஏழு சாலியர் குடும்பங்களைக் கொண்டுவந்து குடியமர்த்தினார். ஊருக்கு அவர் பெயரே அமைந்தது. கைத்தறிக் கண்காட்சிகளிலும் இதையே சொல்கிறார்கள், 'தமிழ்நாட்டிலிருந்து வந்த நெசவாளர்கள்' என்ற சேர்க்கையோடு.

அந்தச் சேர்க்கையை என்னால் ஏற்க முடியவில்லை. நாகர்கோவில் அன்றைக்குத் திருவிதாங்கூருக்குள் இருந்த ஊர். அந்த அரசின் பழைய தலைநகரான பத்மநாபபுரம் பக்கத்திலேயே இருக்கிறது. கன்னியாகுமரி மாவட்டம் தமிழ்நாட்டோடு சேர்ந்தது 1956 நவம்பர் 1-இல்தான். நாகர்கோவிலிலிருந்து பாலராமபுரம் 60 கிலோமீட்டருக்குள் இருக்கிறது. ஓர் அரசர் தன் நாட்டின் ஓர் ஊரிலிருந்து இன்னோர் ஊருக்கு நெசவாளர்களை அழைத்துப்போயிருக்கிறார், அவ்வளவுதான். ஆரல்வாய்மொழிக் கணவாயைத் தாண்டி அந்நிய நாட்டுக்குள் நுழைந்தவர்கள் என்றால் அது வள்ளியூர்க்காரர்கள் மட்டுமே. அவர்கள் யார் என்பதே என் தேடலாக ஆனது.

ஏழு குடும்பங்களின் பெயர்கள் கிடைத்தால் போதும் என்று நினைத்தேன். ஒற்றைத் தெரு, இரட்டைத் தெரு, விநாயகர் தெரு, புத்தன் தெரு என்று சாலியர் தெருக்கள் நான்கு. வீடு வீடாக ஏறி இறங்கினேன். பேசிய வீடு ஒவ்வொன்றும் அந்த ஏழில் ஒன்றாக இருந்தது. ஒரு வீட்டில் ஒரு முன்னோரின் பெயர் சொன்னார்கள். அடுத்த வீட்டில் அதே பெயர் தங்கள் தாத்தாவின் மைத்துனருடையது என்றார்கள். வள்ளியூருக்குப் போய் ஒரு சித்தியின் வீட்டில் பழைய கோவில் வரிக் கணக்கு நோட்டுகளைப் புரட்டினேன். வெளியேறிப் போனவனிடம் கோவிலுக்கு யார் வரி கேட்கப் போகிறார்கள்? அந்த நோட்டுகளில் இருந்தவர்கள் எல்லாரும் ஊரிலேயே தங்கியவர்கள். திருவனந்தபுரத்தின் பழைய அரசு ஆவணங்கள் ஓலைச் சுருணைகளில் கட்டுக்கட்டாக இருக்கின்றன. கோட்டைக்குள் அவற்றுக்கென்றே இப்போது ஓர் ஓலைச்சுவடி அருங்காட்சியகம் உண்டு. கண்ணாடிக்குப் பின்னால் உருட்டி வைத்த அந்தச் சுருள்களைப் பார்த்தபடி நீண்ட நேரம் நின்றேன். அந்தப் பழைய எழுத்தை வாசிக்கத் தெரிந்த ஒருவர் பொறுமையாகச் சொன்னார்: "நெலமும் நெல்லும்தான் இதுல அதிகம். ஆளோட பேரு வேணும்னா அந்த ஆளு ஒண்ணு வரி கட்டியிருக்கணும், இல்ல குத்தம் பண்ணியிருக்கணும்." என் நெசவாளர்கள் இரண்டும் செய்ததாகத் தெரியவில்லை.

கடைசியாக இரட்டைத் தெருவில் ஒரு பாட்டாவிடம் போய்ச் சேர்ந்தேன். எண்பதைத் தாண்டியவர். குழித்தறியில் உட்கார்ந்தால் இன்றும் கால் மிதியைத் தானாகத் தேடும் என்றார் அவர் மகள். வீட்டுப் பேச்சு மலையாளம் கலந்த தமிழ். பழைய கதை எதையும் அவர் வாயிலிருந்து பிடுங்க முடியவில்லை. நான் ஏழு குடும்பம் என்று ஆரம்பித்தால் அவர் நூல் விலை என்பார். ராசா என்றால் மழை என்பார்.

மழையைப் பற்றி அவர் பேசியதை அப்போது நான் சரியாகக் காதில் வாங்கவில்லை. பிறகே புரிந்தது, அந்த ஊரின் மொத்தக் கவலையும் அதுதான். பாலராமபுரத்துத் துணிக்குப் பாவு தெருவில்தான் ஆத்த வேண்டும். விடிகாலையில் தெரு நீளத்துக்குப் பாவை இழுத்துக் கட்டி, கஞ்சி போட்டு, தூரிகையால் நீவி நீவி, இழை இழையாகப் பிரித்து, வெயில் ஏறுமுன் முடிக்க வேண்டும். ஒரு வீட்டு ஆட்களால் ஆகாது. தெருவே இறங்க வேண்டும். ஓணம் வருவது சிங்க மாதத்தில். அதற்கு முந்தைய கர்க்கடகம் கொட்டும் மழை மாதம். வருஷத்தின் பெரிய வியாபாரத்துக்குத் துணி சேர்க்க வேண்டிய நாட்களில் தெருவில் பாவு விரிக்க முடியாது. ஓண நெருக்கத்தில் செய்தித்தாள் முழுக்க போனஸ், நலத்திட்டப் பென்ஷன், சப்ளைகோ சந்தை, காய்கறி விலை. இவர்களுக்கு வேண்டியதோ மழையில்லாத நாலு விடியல்கள்.

அப்படி ஒரு விடியலில் பாவின் ஒரு பக்கத்தைப் பிடித்தபடி மறுபடி கேட்டேன், அந்த ஏழு பேரின் பெயர் தெரியுமா என்று. பாட்டாவுக்குக் கோபம் வந்துவிட்டது. "பேரத் தெரிஞ்சி என்ன செய்யப் போற மக்ளே? ராசா வீட்டுக்கு முண்டு நெய்ய ஒரு தெரு போதும்லா. எதுக்கு நாலு தெரு?"

எதுக்கு நாலு தெரு! அந்த இடத்தில் என் தேடல் திசை மாறியது. எங்கிருந்து வந்தார்கள் என்பதை விட்டுவிட்டு எதற்காக வந்தார்கள் என்று தேடத் தொடங்கினேன். அந்தத் திசையில் வரலாறு கையை விரிக்கவில்லை. இந்த ஊரை உண்டாக்கியதில் அரசரோடு சேர்த்துச் சொல்லப்படும் பெயர் திவான் உம்மிணித்தம்பி. வேலுத்தம்பிக்குப் பின் 1809-இல் அந்தப் பதவிக்கு வந்தவர். பக்கத்துக் கடற்கரை ஊரான விழிஞ்ஞத்தைத் துறைமுகமாக வளர்க்கவும், அதற்கு அருகே நெசவாளர்களையும் வணிகர்களையும் குடியேற்றி ஒரு வணிக நகரத்தை எழுப்பவும் முயன்றார். 1811-இல் பதவி போயிற்று. துறைமுகம் அவர் நினைத்தபடி வளரவில்லை. தெருக்கள் மட்டும் நின்றன. ஆக, அந்த நான்கு தெருக்களும் கடலைப் பார்த்துப் போடப்பட்டவை. அரண்மனைப் பெட்டியைத் தாண்டிச் சந்தைக்கும் கப்பலுக்கும் போக வேண்டிய துணி அது.

2025 மே 2-ஆம் தேதி விழிஞ்ஞம் சர்வதேசத் துறைமுகம் நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்டது. துறைமுகத்தை ரயில் தடத்தோடு இணைக்க சுமார் 10.7 கிலோமீட்டர் பாதை திட்டமிட்டிருக்கிறார்கள், பெரும்பகுதி சுரங்கமாக. அது வந்து சேரும் நிலையம் பாலராமபுரம். அந்தச் செய்தியைப் படித்தபோது எனக்கு ஏற்பட்ட சந்தோஷத்தை யாரிடம் சொல்வது என்று தெரியாமல் பாட்டாவிடமே சொன்னேன். "கப்பல்ல துணி போகுமா?" என்று கேட்டார்.

கேரளத்தின் மற்ற நெசவு ஊர்களான சேந்தமங்கலத்திலும் குத்தாம்புள்ளியிலும் இதே வரலாறுதான். அங்கே நெய்கிற தேவாங்கர்களின் முன்னோரை ஓரிடத்தில் பாலியத்துக் குடும்பமும் மற்றோரிடத்தில் கொச்சி அரச குடும்பமும் அழைத்துவந்து குடியமர்த்தின. குத்தாம்புள்ளி வீடுகளில் இன்றும் கன்னடம் பேசுகிறார்கள். 2018 வெள்ளம் சேந்தமங்கலத்துத் தறிகளை மூழ்கடித்தது ஓணத்துக்குப் பத்து நாள் முன்னால். விற்பனைக்கு அடுக்கியிருந்த கோடித் துணி சேறானது. சேறு படிந்த அந்தத் துணியிலிருந்து செய்த சேக்குட்டிப் பொம்மைகள் உலகம் சுற்றின.

இன்னொன்றைச் சொல்லாமல் இந்தத் தேடல் முழுமையாகாது. பாலராமபுரத்தில் நெய்தது முண்டும், தோளில் போடும் நேரியதும். அதே தென் திருவிதாங்கூரில் நாடார் பெண்கள் தோளில் சீலை போட்டதற்காக அடிக்கப்பட்டார்கள். 1820-களில் தொடங்கிய அந்தப் போராட்டம் 1859 வரை நீண்டது. அந்த ஆண்டு ஜூலை 26-இல் அரசு இறங்கிவந்து அறிவிப்பு வெளியிட்டபோதும், மார்பை மறைக்கலாம், ஆனால் உயர்சாதிப் பெண்களைப் போல உடுத்தக் கூடாது என்றே சொன்னது. அதாவது கைக்கெட்டும் தூரத்தில் நெய்யப்பட்ட நேரியதை, உயர்சாதியார் உடுத்திய விதத்தில், சுற்றியிருந்த ஊர்களின் பெண்கள் தோளில் போட முடியாது. என் ஆச்சியின் உறவுக்காரர்கள் நெய்த துணியின் வரலாற்றில் இதுவும் சேர்த்தி. இன்று ஓண நாளில் கல்லூரி வளாகங்களில் எல்லாச் சாதிப் பெண்பிள்ளைகளும் கசவு என்னும் சரிகைக் கரை போட்ட அதே துணியை உடுத்திப் பூக்களம் இடுகிறார்கள். அந்த வெள்ளைத் துணி பெற்ற மிகப் பெரிய பெருமை இதுதான் என்பேன். அரசர் கதையைவிடப் பெரியது.

ஏழு பெயர்களும் எனக்குக் கிடைக்கவில்லை. அந்த நான்கு தெருக்களிலும் இப்போது பல வீடுகளில் தறிக்குழி மூடப்பட்டிருக்கிறது. பாவாத்த ஆள் சேரவில்லை. பிள்ளைகள் கட்டட வேலைக்கும் வளைகுடாவுக்கும் போகிறார்கள். அங்கே கூலி கூட. பள்ளிக் குழந்தைகளுக்கு அரசு கொடுக்கும் கைத்தறிச் சீருடைதான் கேரளத்தில் பல தறிகளை ஓட வைத்திருக்கிறது.

கேரளத்திலோ, நாகர்கோவில், கோவை, சென்னையிலோ இந்த ஆண்டு ஓணக்கோடி வாங்குகிற உங்களிடம் ஒரு கோரிக்கை. துணியைத் திருப்பிப் பாருங்கள். பாலராமபுரத்துக் கைத்தறிக்கு உள்பக்கம் வெளிப்பக்கம் என்று வித்தியாசம் தெரியாது. இரண்டும் ஒன்றுபோல இருக்கும். புவிசார் குறியீடும் கைத்தறி முத்திரையும் இருக்கின்றனவா என்று கேளுங்கள். முடிந்தால் நெசவாளர் கூட்டுறவுச் சங்கத்திலேயே வாங்குங்கள், கடைசி வாரம் வரை காத்திராமல். மழைக்கு முன்பே வாங்கினால் பாவு விரித்தவருக்குப் பணம் மழைக்காலத்திலேயே கைக்கு வரும்.