உள்ளே கை வெச்சுப் பாருங்க பாஸ்!

உக்கடத்தில் பஸ் ஏறியதுமே கண்டக்டர் முறைத்தது எங்களை அல்ல... என் மடியில் இருந்த மூக்கை! நிஜ மூக்கு இல்லீங்க, ஃபைபர் மூக்கு. காலேஜில் நாங்கள் கட்டும் ரேஸ் காரின் முன்பக்கம். கூடவே இரண்டு சைடு பேனல். ‘லக்கேஜ் டிக்கெட் எடுத்துருங்க தம்பி’ என்றார். எடுத்தாச்சு!

போத்தனூர் தாண்டினால் செட்டிபாளையம் ரோடு. அந்தப் பக்கம்தான் கரி மோட்டார் ஸ்பீட்வே. மாருதி 800 இன்ஜினை வைத்து, நம்ம பசங்களுக்குக் கட்டுப்படியாகிற ரேஸ் கார் செய்து காட்டிய கோவைக்காரர் கரிவரதன் 1995-ல் மறைந்தார். அவர் பெயரில்தான் இந்த டிராக். மாணவர்களே கார் கட்டி ஓட்டும் ஃபார்முலா பாரத் போட்டி 2017-ல் இங்கே வந்தது. எங்கள் கனவும் அதுதான்.

ஆனா, கனவுல ஒரு முள்! தீப்பிடித்தால் தப்பிக்க, டிரைவர் 5 விநாடிக்குள் காரை விட்டு வெளியே வந்தாக வேண்டும் என்பது விதி. அந்தப் பயிற்சியில் எங்கள் டிரைவர் சைடு பேனலைப் பிடித்து எகிறினான். முழங்கையெல்லாம் ஊசி ஊசியாகக் கண்ணாடி இழை! பேனலின் வெளிப்பக்கம் முகம் பார்க்கலாம். உள்பக்கமோ பலாப்பழத் தோல். அதைச் சரிபண்ணத்தான் இந்தப் பயணம்.

பட்டறை வாசலில் பஸ் முகப்பு, பார்க்கில் போடுகிற ஆட்டக்குதிரை, உள்ளே நுழைந்தால் குப்பென்று ரெசின் வாசம். மேஸ்திரி அண்ணன் பேனலைக் குப்புறக் கவிழ்த்து, ஒரு தடவு தடவினார். ‘ஏனுங் தம்பி, வெளியே பார்க்கறவன் கைதட்டிட்டுப் போயிருவான். உள்ளே உக்கார்றவன் கைதானுங்க கிழியும்!’

மேட்டர் சிம்பிள். பளபள மோல்டில் முதலில் ஜெல்கோட், அதன் மேல் ஃபைபர் மேட், ரெசின். மோல்டைத் தொடுகிற பக்கம் மோல்டு மாதிரியே வழுவழு. கடைசி மேட் இருக்கிற பக்கம்தான் கரடுமுரடு. அதை நாமதான் கவனிக்கணும்.

மாஸ்க், கண்ணாடி, முழுக்கைச் சட்டை. அப்புறம்தான் 80-ம் நம்பர் உப்புத்தாளையே கையில் கொடுத்தார். துருத்திக்கொண்டிருக்கும் இழையை மட்டும் தேய்க்கணும். மேட்டையே தேய்த்துவிட்டால் பேனல் பலமிழந்துவிடும். தூசு தட்டி, அசிட்டோனால் துடைத்து, பள்ளங்களுக்குப் பட்டி பார்த்தோம். மேலே மெல்லிய டிஷ்யூ மேட்டை ரெசினில் நனைத்து ஒட்டினோம். அறுத்த ஓரங்களையும் உருட்டித் தேய்த்து ரெசின் பூசினோம்.

கடைசி கோட்டில் மெழுகு கலந்த ரெசின். ‘மெழுகு எதுக்குண்ணா?’ சாதா ரெசின், காற்று படுகிற பக்கம் காயாமல் பிசுபிசுவென்றே இருக்குமாம். மெழுகு, பால் ஆடை மாதிரி மேலே மிதந்து காற்றை மறித்துவிடும். ஆனால் அதற்கு மேல் எதுவும் ஒட்டாது. அதனால் அது எப்பவுமே கடைசி கோட்!

ரெசின் கலக்கும்போது மட்டும் அண்ணன் சிரிக்கவே இல்லை. முதலில் கோபால்ட்டை ரெசினில் நன்றாகக் கலக்கணும். அப்புறம்தான் ஹார்டனர். ரெண்டையும் நேரடியாகச் சேர்த்தால் வெடித்துவிடும். ஹார்டனர் கண்ணில் தெறித்தால் பார்வைக்கே ஆபத்து.

‘உள்ளே முழுக்க தடிமனா பூசிடலாமாண்ணா?’ என்றான் டிரைவர். தடிமனாகப் பூசினால் சதுர மீட்டருக்கு அரை கிலோ வரை எடை ஏறிவிடும். ரேஸ் காரில் ஒவ்வொரு கிராமும் காசு! கை, கால் படுகிற இடத்தில் மட்டும் டிஷ்யூவும் கோட்டும், மற்ற இடத்தில் இழையைத் தேய்த்து மெல்லிசாக ஒரு பூச்சு என்று முடிவானது.

மறுநாள் காய்ந்த பேனலை மாட்டி, டிரைவரை உட்காரவைத்து ஸ்டாப் வாட்ச்சை அழுத்தினோம். எகிறினான். 4 விநாடி சொச்சம்! எல்லோரும் வாட்ச்சைப் பார்க்க, அவன் மட்டும் தன் முழங்கையைப் பார்த்தான். ஒரு கீறல்கூட இல்லை.

அடுத்த முறை காலேஜ் விழாவில் ரேஸ் காரைப் பார்த்தால், பெயின்ட்டை மட்டும் ரசிக்காதீங்க மக்கா. அனுமதி கேட்டு, பேனலின் உள்பக்கம் மெதுவாக விரலை வைத்துப் பாருங்க. டிரைவரைப் பற்றி யோசித்த டீம் எதுன்னு அங்கே தெரிஞ்சுடும்!