துண்டு அட்டையும் 10 விழுக்காடும்

ஓட்டல் குளியலறையில் ‘பூமியைக் காப்போம், துண்டை மறுபடியும் பயன்படுத்துங்கள்’ என்று அட்டை தொங்கும். படித்ததும் நமக்கும் ஒரு பெருமை. (சலவைச் செலவு யாருக்கு மிச்சம் என்பது வேறு கதை.) ‘இதே அறையில் தங்கியவர்களில் பெரும்பாலோர் அப்படித்தான் செய்தார்கள்’ என்று எழுதினால் இன்னும் அதிகம் பேர் கேட்கிறார்கள் என்று 2008இல் ஓர் அமெரிக்க ஆய்வே வந்தது.

ஆனால் என் கண் ஓட்டல் பில்லுக்குத்தான் போகும். 10 விழுக்காடு சேவைக் கட்டணம். அந்தப் பணத்தை வைத்தே குறைந்தபட்சச் சம்பளக் கணக்கை நிரப்பப் பார்த்தார்கள் ஓட்டல் முதலாளிகள். ஓட்டல் ஊழியர்களின் தொழிற்சங்கம் விடவில்லை; அப்படிச் செய்யக் கூடாது என்று 2021இல் மலேசியக் கூட்டரசு நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது.

தஞ்சோங் ரம்புத்தானிலிருந்து தம்புன், ஈப்போ ஓட்டல்களுக்கு மெத்தை விரிக்கப் போவது நம் வீட்டுப் பெண்கள். அடுத்த முறை சாவியைத் திருப்பிக் கொடுக்கும்போது, சேவைக் கட்டணம் அவர்கள் கைக்குப் போகிறதா என்று கவுண்டரில் ஒரு வார்த்தை கேளுங்கள்.