அச்சுக்கரியும் கட்டைக்கரியும்

போன கோடையில் மகள் தன் சம்பளத்தில் ஒரு கமாடோ அடுப்பு வாங்கிப் பின்வளவில் வைத்தாள். பெரிய முட்டையைப் போன்ற, தடித்த பீங்கான் அடுப்பு. கமாடோ என்பது அடுப்புக்கு யப்பானியச் சொல். இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு யப்பானில் இருந்த அமெரிக்கப் படையினர் அங்கே சோறு சமைக்கும் மண் அடுப்புகளைக் கண்டு, தங்கள் நாட்டுக்குக் கொண்டுபோனார்கள். 1974இல் எட் ஃபிஷர் என்பவர் அட்லாண்டாவில் இதை விற்கும் ஒரு கடை போட்டார். இன்று ஸ்காபரோப் பின்வளவுகளிலும் அது நிற்கிறது. எங்கள் வீட்டுக்கு வந்த அன்றே ஒரு வழக்கும் கூடவே வந்தது: எந்தக் கரி போடுவது?

கடையில் இரண்டு வகை இருக்கிறது. பிரிக்கெற் என்ற அச்சுக்கரி, கரித்தூளை மாப்பசையோடு குழைத்துச் சின்னத் தலையணை வடிவில் அழுத்தியது. சிலவற்றில் வேறு சேர்மானங்களும் உண்டு. அமெரிக்காவில் அதைப் பரப்பியவர்களில் ஒருவர் கார் செய்த ஹென்றி ஃபோர்ட். மொடல் ரி கார்களுக்கு மரம் அறுத்து மிஞ்சிய துண்டுகளை 1920களில் மிச்சிகன் மாநிலத்தில் கரியாக்கி, கட்டிகளாக அழுத்தி விற்றார். இன்றைய கிங்ஸ்ஃபோர்ட் கரி அந்தத் தொழிற்சாலையில் தொடங்கியது. மற்றது கட்டைக்கரி. மரத்தைக் காற்றுப் போதாமல் சுட்டெடுத்தது, வேறெதுவும் சேராதது. எங்கள் பக்கம் கியூபெக் மேப்பிள் மரக்கரி கிடைக்கிறது.

மகள் அச்சுக்கரியின் பக்கம். எல்லாக் கட்டியும் ஒரே அளவு, ஒரே சூடு. எத்தனை போட்டால் எவ்வளவு நேரம் எரியும் என்று எண்ணிப் போடலாம் என்பது அவளுடைய வாதம். திறந்த அடுப்பில் இறைச்சி வாட்டுகிறவர்களுக்கு அது சரியான கணக்குத்தான்.

அம்மா ஒரு கட்டியை எடுத்து நகத்தால் சுரண்டிப் பார்த்தார். "இது சாம்பல் கக்கும், மோனை. அடுப்புக்கு மூச்சடைச்சுப் போடும்."

அம்மாவுக்கு எண்பத்திரண்டு வயது. 1990இல் யாழ்ப்பாணத்துக்குப் பொருளாதாரத் தடை வந்து, மண்ணெண்ணெய் பொன்விலை விற்ற வருடங்களில் எங்களுக்கு விறகில் சமைத்துத் தந்தவர். எரிந்து முடிந்த கொள்ளிகளைத் தண்ணீர் தெளித்து அணைத்து, கரியைப் பொறுக்கிக் காயவைப்பார். சிரட்டைக்கரியை உடுப்பு மினுக்கும் பெட்டிக்கென்று தனியாக எடுத்துவைப்பார். எந்தக் கரி வெடிக்கும், எது நின்றெரியும், எது தூளாகும் என்பதெல்லாம் அவருக்குக் கைப்பழக்கம். இங்கே அந்த அறிவுக்கு வேலை இருக்கவில்லை. இரண்டு வருடங்களுக்கு முன் ஒருநாள் அடுப்பை அணைக்க மறந்ததிலிருந்து அவரை நாங்கள் குசினியில் தனியே விடுவதுமில்லை.

இந்த அடுப்பைப் பொறுத்தவரை அம்மா சொன்னதே சரி. பீங்கான் சுவர் சூட்டை வெளியே விடாது. அதனால் கொஞ்சக் கரி போதும், மாசி மாதப் பனியிலும் எரியும். சூட்டைக் கூட்டுவதும் குறைப்பதும் காற்றால்தான். கீழ்க்கதவால் காற்று நுழைந்து, கரித்தட்டின் துளைகளால் ஏறி, மேல்மூடி வழியாகப் போகவேண்டும். ஆட்டுத்தொடையை 120 பாகை செல்சியஸில் ஐந்தாறு மணித்தியாலம் வைக்கும்போது, அச்சுக்கரியின் சாம்பல் அடியில் குவிந்து அந்த வழியை அடைக்கிறது. மகள் இரண்டையும் வெவ்வேறு சனிக்கிழமைகளில் எரித்துப் பார்த்தாள். அச்சுக்கரி ஒரு பேணி நிறையச் சாம்பல் தந்தது. கட்டைக்கரி தந்தது இரண்டு கைப்பிடி. இரண்டு துவாரங்களையும் மூடியதும் கட்டைக்கரி அணைந்து, மிச்சம் அடுத்த கிழமைக்கு உதவியது.

கட்டைக்கரியிலும் குறை உண்டு. பையின் அடியில் கிடக்கும் பொடி தட்டை அடைக்கும். பெரிய துண்டுகளைக் கீழேயும் சிறியவற்றை மேலேயும் அடுக்கவேண்டும். சூடு பைக்குப் பை வேறுபடும். அச்சுக்கரிதான் வேண்டும் என்பவர்கள் சிரட்டைக்கரியில் செய்ததை வாங்கலாம். சாம்பல் குறைவு, நெடுநேரம் நிற்கும். எரிநெய் ஊறவைத்த கரியை மட்டும் போடவே கூடாது. பீங்கான் அந்த மணத்தை உறிஞ்சி வைத்திருந்து சாப்பாட்டில் காட்டும்.

எந்தக் கரி என்றாலும் மாறாத இரண்டு விஷயங்கள் உண்டு. காற்றை அடைத்து வைத்திருந்த அடுப்பைச் சடாரென்று திறந்தால் தீ முகத்துக்குப் பாயும். மூடியை முதலில் இரண்டு விரல் அளவுக்கு நீக்கி, சற்றுப் பொறுத்துத் திறக்கவேண்டும். மற்றது, கரி எரிந்தால் கார்பன் மொனொக்சைட் வரும், அதற்கு மணமில்லை. 2013 மார்கழியில் பனிமழை பெய்து ரொறன்ரோ இருளில் கிடந்த நாட்களில், குளிர் தாங்காமல் வீட்டுக்குள் கரி எரித்தவர்கள் வைத்தியசாலைக்குப் போனார்கள். ஊரில் ஓட்டு இடுக்காலும் யன்னலாலும் புகை போய்விடும். இங்கத்தைய வீடுகள் குளிருக்காக இறுக்கி அடைத்துக் கட்டப்பட்டவை.

இப்போது கரிப்பை வந்ததும் அம்மா அதைச் சுளகில் கொட்டிப் பெரிது, நடுத்தரம், பொடி என்று பிரிக்கிறார். மகள் அவற்றை அடுக்கிப் பற்றவைக்கிறாள். பொடியை எறியவேண்டாம், பூக்கன்றுகளுக்குப் போடலாம் என்று அம்மா அதை ஒரு வாளியில் சேர்க்கிறார். மேல்மூடியை எவ்வளவு திறப்பது என்பதில் மட்டும் இருவருக்கும் இன்னும் ஒத்துவரவில்லை. மகள் வெப்பமானியைப் பார்க்கிறாள். அம்மா மூடிக்கு மேலே கையை நீட்டிப் பார்த்து, "இன்னும் கொஞ்சம் சாத்து" என்கிறார்.